காலி நாள் நிரப்புகிறவர்

கடைக்குள் போய், "குக்கருக்கு கேஸ்கட் இருக்கா?" என்று கேட்கிறீர்கள். கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் "இல்லீங்க" என்கிறார். அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வெளியே வருகிறீர்கள். ஆள் மாற்றித் திட்டிவிட்டீர்கள். அந்த "இல்லீங்க"வை இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே வேறொருவர், வேறொரு கட்டடத்தில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து முடிவு செய்தாகிவிட்டது. திட்டெல்லாம் அவருக்குச் சேர வேண்டியது.

அவருக்கு அலுவலகத்தில் தராசு என்று பெயர். வீட்டுச் சாமான் விற்கும் கம்பெனி. வாளி, துடைப்பம், பல்பு, பேட்டரி, துணிக் கிளிப், கதவுத் தாழ்ப்பாள் என்று, வீட்டில் உடைந்தால் மட்டுமே ஞாபகத்துக்கு வருகிற பொருள்கள். நகரம் முழுக்கக் கிளைகள். எந்தக் கிளைக்கு எந்தச் சாமான் எத்தனை, எப்போது வாங்கி எப்போது அனுப்புவது என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் தராசின் வேலை. கோடவுனுக்குள்ளேயே இரும்புப் படி ஏறினால் ஒரு கண்ணாடி அறை. அங்கிருந்து பார்த்தால் கீழே அட்டைப்பெட்டி மலைகள். பிளாஸ்டிக்கும் அந்துருண்டையும் கலந்த ஒரு வாசனை அவர் சட்டையில் ஏறி, வீடு வரைக்கும் போய், தலையணையில் தங்கிவிட்டது.

நன்றி கெட்ட வேலை. அதிகமாக வாங்கிவிட்டால் கோடவுன்காரர் மூச்சு வாங்கப் படியேறி வந்து, இந்த வாளியையெல்லாம் எங்கே வைக்கட்டும், உங்கள் தலையிலா என்று கேட்பார். குறைவாக வாங்கிவிட்டால் கிளைக்காரர்கள் வரிசையாகப் போன் செய்து வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். சரியாக வாங்கினால் ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இப்படி யாரும் ஒன்றும் சொல்லாமல் பல வருஷம் ஓட்டியதுதான் தராசின் பெருமை. இந்தப் பெருமையைச் சட்டத்தில் போட்டு மாட்ட முடியாது என்பது அவருக்கு ஒரு சின்ன வருத்தம்.

வீட்டிலும் அதே புத்தி. சோப்பு ஒன்று குளியலறையில், ஒன்று அலமாரியில். மூன்றாவது வந்தால் முகம் சுருங்கும். தேயிலை டப்பாவில் உள்பக்கம் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தார். தூள் கோட்டுக்குக் கீழே போனால்தான் புதுப் பொட்டலம். உறவுக்காரர்கள் வீட்டுக்கு வருவதானால் சரக்கு அனுப்புகிறவர்கள் மாதிரி முன்கூட்டியே தகவல் தர வேண்டும். அவர் மனைவி இதைப் பற்றி நாலு பேர் முன்னால் ஒரு வசனம் வைத்திருந்தார்: "ரெண்டாவது குழந்தை ஏன் வேண்டாம்னு சொன்னார் தெரியுமா? முதல் குழந்தையே இன்னும் தீரலையாம்." தராசும் சேர்ந்து சிரிப்பார். அவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு, அளவோடு.

அந்த நாற்காலியில் இவருக்கு முன்னால் இருந்தவர் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற மனிதர். அவருடைய மனைவியின் தம்பி ஒரு கிளையில் பொறுப்பாளராக இருந்தார். மழைக்காலம் வந்தால் குடையெல்லாம் அந்த மச்சான் கிளைக்குப் போகும். மற்ற கிளைக்காரர்கள் மேஜை விரிப்புக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் ஷீட்டைத் தலைக்குப் போர்த்தி விற்கப் பார்ப்பார்கள். விஷயம் ஒருநாள் வெளியே வந்தது. மாமனும் மச்சானும் ஒரே நாளில் வெளியே போனார்கள். அன்றிலிருந்து கம்பெனியில் எந்தச் சலுகைக்கும் "மச்சான் கணக்கு" என்று பெயர் விழுந்துவிட்டது. டீ கொண்டுவருகிறவர் ஒருவருக்கு விளிம்பு வரை ஊற்றிவிட்டால் போதும், "என்ன, மச்சான் கணக்கா?" என்று நாலு குரல் கேட்கும்.

காலியான நாற்காலிக்கு ஆள் தேடியபோது, கணக்கில் கெட்டிக்காரன் என்று இவரைச் சொன்னது இவருடைய சொந்த அண்ணன்.

அண்ணன் அதே கம்பெனியில் ஒரு கிளைக்குப் பொறுப்பாளர். வாளி வாங்க வந்தவரிடம் வாளியையும் விற்று, அதற்கு ஒரு மூடியையும் விற்று, மூடி எதற்கு என்று அவர் யோசிப்பதற்குள் தெருமுனை வரை பேசிக்கொண்டே கொண்டுபோய் விடுகிற வாய். கடைக்கு மேலேயே குடியிருப்பு. பொறுப்பாளருக்குக் கம்பெனி கொடுத்த இரண்டு அறையும் ஒரு சமையலறையும். கடைக்குள்ளிருந்தே மரப்படி ஏறும். அண்ணி தாளித்தால் வாடிக்கைக்காரர்கள் தும்முவார்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அண்ணி வேறு வீடு பார்த்ததில்லை. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியதும் அந்தப் படியில் இறங்கித்தான்.

ஆக, தராசு வேலைக்குச் சேர்ந்த அன்றே அலுவலகம் முழுக்கத் தெரியும், இவர் அண்ணன் சிபாரிசில் வந்தவர் என்று. போனது மச்சான், வந்தது தம்பி என்று யாரோ சொல்லிச் சிரித்தது அவர் காதில் விழுந்தது. சில பேருக்கு இப்படி ஒரு சொல் செருப்பில் கல் மாதிரி. கழற்றி உதறிவிட்டுப் போகலாம். தராசு கழற்றவில்லை. அந்தக் கல்லோடேயே நிமிர்ந்து நடந்து, நடையே அப்படி ஆகிவிட்டது.

இங்கே கொஞ்சம் கணக்கு வருகிறது. பயப்பட வேண்டாம், பல்புக் கணக்குதான்.

ஒரு கிளையில் நாளுக்கு இரண்டு பல்பு விற்கும். ஆறு நாள் வாரத்துக்குப் பன்னிரண்டு. ஏதோ ஒரு வாரம் ஆறுதான் வந்து சேர்ந்தது என்று வையுங்கள். திங்கள், செவ்வாய், புதனோடு தீர்ந்துபோகும். வியாழனிலிருந்து சனி வரை பல்பு கேட்டு வந்தவர்கள் வெறுங்கையோடு போவார்கள். கம்ப்யூட்டருக்கு வெறுங்கையோடு போனவர்களைத் தெரியாது. விற்றது மட்டும்தான் தெரியும். இந்த வாரம் விற்றது ஆறு, ஆகவே தேவை ஆறு, ஆகவே அடுத்த வாரத்துக்கு ஆறு அனுப்பு என்று சொல்லும். பாதி வயிற்றுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, தட்டு காலியானதைப் பார்த்து, இவனுக்குத் தேவையே இவ்வளவுதான் என்று முடிவு கட்டுகிற மாதிரி. அடுத்த வாரம் வண்டியில் ஒன்று உடைந்தால் ஐந்து விற்கும்; அதற்கடுத்த வாரத் தேவை ஐந்து. இந்த ஏணியில் இறங்கலாம், ஏற முடியாது.

இதற்குக் கைவைத்தியம் ஒன்று உண்டு. திங்கள்கிழமை காலையில் தராசு கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கிளையின் விற்பனை வரியையும் எடுத்துப் பார்ப்பார். எந்தெந்தச் சாமான் எந்தெந்த நாளில் அலமாரியில் இல்லையோ, அந்த நாளின் பூஜ்யத்தை அழித்துவிட்டு, சரக்கு இருந்திருந்தால் எவ்வளவு விற்றிருக்கும் என்று கொஞ்சம் அனுபவத்திலும் கொஞ்சம் ஊகத்திலும் ஓர் எண்ணைக் கையால் போடுவார். அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டரைக் கணக்குப் போட விடுவார். "காலி நாள் நிரப்புறது" என்று அதற்குப் பெயர். எந்த விதியிலும் எழுதப்படாத வேலை. யாரும் சரிபார்க்க வருவதில்லை. அப்படி ஒன்று நடக்கிறது என்பது கோடவுன்காரருக்கும் இன்னும் இரண்டொருவருக்கும்தான் தெரியும். கிளைகள் உயிரோடு இருந்தது அதனால்தான்.

எல்லாக் கிளைக்கும் போட்டார். அண்ணன் கிளைக்கு மட்டும் போடவில்லை.

நிரப்புவது ஊகம். அண்ணனுக்காக ஊகித்தால் அது சலுகை. சலுகை என்றால் மச்சான் கணக்கு. இப்படி மூன்று படியில் ஏறிப் போய் ஒரு முடிவில் உட்கார்ந்துகொண்டார்: அண்ணன் வரியில் கை வைப்பதில்லை. பெரிய தியாகம் செய்த திருப்தி. வெகுகாலம் அதனால் ஒன்றும் ஆகவும் இல்லை. அண்ணன் கடை ஓடிக்கொண்டிருந்த கடை. அலமாரி காலியானால்தானே காலி நாள். தப்பு என்பது இப்படித்தான், பல வருஷம் உபத்திரவம் இல்லாமல் மூலையில் சுருண்டு படுத்திருக்கும்.

பிறகு அண்ணன் கடைத் தெருவைத் தோண்டினார்கள்.

கழிவுநீர்க் குழாய்க்காக என்றார்கள். தெருவின் இரண்டு முனையிலும் தகரம் வைத்து அடைத்தார்கள். கடை வாசலில் ஆள் உயரப் பள்ளம். அதன்மேல் ஒரு பலகை. பலகையில் நடந்து வர வாடிக்கைக்காரர்கள் தயாராகத்தான் இருந்தார்கள். கம்பெனி வண்டிதான் வர முடியவில்லை. தோண்டியவர்கள் வேறொரு தெருவைத் தோண்டப் போய்விட்டதால் மூடுவதற்கு ஆள் இல்லாமல் மழைக்காலம் முழுக்கப் பள்ளம் அப்படியே கிடந்தது. அண்ணன் கைவண்டி வைத்து முடிந்ததை இழுத்துவந்தார். அலமாரிகள் ஒவ்வொன்றாகப் பல்லிளித்தன. கடைசியில் தெருவை மூடி, தார் ஊற்றி, வண்டி வந்தபோது, அதில் பாதிச் சரக்குகூட இல்லை. கம்ப்யூட்டர் பார்த்த வரையில் அந்தத் தெருவில் யாருக்கும் பல்பு வேண்டியிருக்கவில்லை.

அண்ணன் போன் செய்தார். எல்லாப் பொறுப்பாளர்களும் கேட்பது மாதிரியே கேட்டார்: பல்பு இல்லை, துடைப்பம் இல்லை, பேட்டரி இல்லை. தம்பி கணக்குப்படி வரும் என்றார். கணக்குப்படி வந்தது. அண்ணன் திரும்ப போன் செய்து, கணக்கைக் கொஞ்சம் சாப்பிட வைத்து அனுப்பக் கூடாதா, ரொம்ப இளைத்துப்போய் வருகிறதே என்றார். தம்பி சிரித்தார். எனக்காகச் செய்டா என்று அண்ணன் ஒருநாளும் கேட்கவில்லை. அதைக் கேட்டுவிட்டால் பிறகு தம்பி முகத்தில் எப்படி விழிப்பது என்று அண்ணியிடம் சொன்னாராம்.

அலமாரி காலியாகத் தெரியக் கூடாது என்பது கடைக்காரர்களின் மானப் பிரச்சினை. அண்ணன் இருந்த சரக்கையெல்லாம் முன்வரிசைக்கு இழுத்து, பின்னால் வெற்று அட்டைப்பெட்டிகளை அடுக்கினார். நாலு வாளியைக் கவிழ்த்து வைத்து எட்டு மாதிரி காட்டினார். பல்பு கேட்டால் "நாளைக்கு வந்துடும்" என்றார். அவர் சொல்லுக்கு அந்தத் தெருவில் ஒரு மதிப்பு இருந்ததால் ஜனங்கள் நாளைக்கும் வந்தார்கள், அதற்கடுத்த நாளும் வந்தார்கள். பிறகு எதிர்வரிசையில் ஒருவர் கடை போட்டு, பல்பைக் கூடையில் கொட்டி வாசலிலேயே வைத்தார். நாளைக்கு வருகிற பல்புக்காக யாரும் தெருவைத் தாண்டாமல் இருக்க மாட்டார்கள். பொய்யாக விழுந்த பூஜ்யங்கள் மெல்ல மெல்ல நிஜப் பூஜ்யங்களாக மாறிக்கொண்டிருந்தன.

தராசுக்கு இது தெரியாமல் இல்லை. தெரியவில்லை என்றால் மன்னித்து விட்டுவிடலாம். திங்கள்கிழமை காலையில் மேலேயிருந்து ஒவ்வொரு கிளையாக நிரப்பிக்கொண்டு வருவார். அண்ணன் வரி வந்ததும் விரல் விசைப்பலகை மேல் கொஞ்சம் நிற்கும். அந்தத் தயக்கத்தைத் தன் நேர்மைக்கு வைத்த பரீட்சை என்று எடுத்துக்கொண்டு, பாஸ் செய்துவிட்டு, அடுத்த வரிக்குப் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணி எல்லாருக்கும் டீ கொடுத்தார். தராசின் டம்ளரில் பாதிதான் இருந்தது. அவர் டம்ளரையும் அண்ணியையும் பார்த்தார்.

"போன தடவை பாதி டீயை வெச்சுட்டுப் போயிட்டீங்க தம்பி," என்றார் அண்ணி. "சரி, உங்க தேவையே அவ்வளவுதான்னு கணக்குப் போட்டுக்கிட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் ரொம்ப நேரம் சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் டம்ளரிலிருந்து தம்பிக்கு ஊற்றினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி பேருந்தில் பேச்சை எடுத்தார். மற்ற கடைக்கெல்லாம் போடுவதை அண்ணன் கடைக்கும் போட்டால் அது எப்படிச் சலுகையாகும் என்று கேட்டார். தராசு பொறுமையாக விளக்கினார்: நாளைக்கே யாராவது அந்த வரியை எடுத்துப் பார்த்தால், அதில் தன் கை இருக்கக் கூடாது.

"அந்தக் கையை அப்படியே கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பூட்டுங்க," என்றார் மனைவி. "வர்றவங்க போறவங்க பார்த்துட்டுப் போகட்டும்." அதற்குப் பிறகு இறங்கும் இடம் வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வியாபாரம் மந்தமாக இருந்த ஒரு வருஷத்தின் முடிவில், தேறாத கிளைகளை மூடுவது என்று கம்பெனி முடிவு செய்தது. எந்தக் கிளை தேறாது என்று சொல்வதற்குத் தராசைவிடப் பொருத்தமான ஆள் யார்? பட்டியல் போடச் சொன்னார்கள். போட்டார். கடைசி வரியில் அண்ணன் கிளை. அதற்கு மேலே தள்ளாடிக்கொண்டிருந்த இரண்டு கிளைகள், மூடுவதற்கென்று வைத்த கோட்டுக்கு ஒரு நூலிழை மேலே நின்றன. அந்த நூலிழை, வாராவாரம் தராசு கையால் நிரப்பிக்கொடுத்தது.

கூட்டத்தில் டைரக்டர் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார். நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் கிளையை அவருக்கு ஞாபகம் இருந்தது. ஒரு காலத்தில் நன்றாக ஓடிய கடை ஆயிற்றே என்றார். பேனாவை அந்த வரியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இது நிஜமான நம்பர்தானே?"

இதைவிட வசதியாக ஒருவரிடம் யாரும் கேள்வி கேட்க முடியாது. இல்லை சார், தெரு தோண்டியதிலிருந்து அங்கே தேவையான சரக்கே போகவில்லை, மற்றவர்களுக்குச் செய்ததை அங்கே செய்யவில்லை, ஒரு மாதம் அலமாரியை நிரப்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சொல்லியிருக்கலாம். மேஜையைச் சுற்றி எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பியிருந்தது. அண்ணனுக்காகப் பேசப் போகிறான் என்று அந்த முகங்களில் எழுதி ஒட்டியிருந்ததாக அவருக்குத் தோன்றியது. நிஜத்தில் பாதிப் பேர் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதா என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

"கை படாத நம்பர் சார்," என்றார் தராசு.

அந்த அறையில் அன்றைக்குச் சொல்லப்பட்டதிலேயே சுத்தமான உண்மை அதுதான். டைரக்டர் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, சொந்த அண்ணன் கடை, ஒரு வார்த்தை பரிந்து பேசினாரா பாருங்கள், இந்த மாதிரி இன்னும் நாலு பேர் இருந்தால் கம்பெனி எங்கேயோ போய்விடும் என்றார். யாரோ கைதட்ட ஆரம்பிக்க, மற்றவர்களும் தட்டினார்கள். பல வருஷமாகச் செருப்பில் இருந்த கல் அன்றைக்கு விழுந்துவிட்டது. தராசு லேசாக நடந்து வெளியே வந்தார்.

அண்ணனுக்குக் கடிதம் போனது. கிளை மூடப்படும், மேலிருக்கும் குடியிருப்பையும் காலி செய்ய வேண்டும். வேண்டுமானால் இன்னொரு கிளையில் விற்பனையாளராகச் சேரலாம். அங்கே பொறுப்பாளராக இருந்தவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததே அண்ணன்தான். சேரவில்லை. தம்பிக்குப் போன் செய்து, வேறொன்றும் கேட்காமல், கழிவு விற்பனைக்கு என்ன சரக்கு அனுப்பப் போகிறாய் என்று மட்டும் கேட்டார்.

மூடப் போகிற கிளையில் கழிவு விற்பனை நடத்துவது கம்பெனி வழக்கம். கோடவுனில் தேங்கிக் கிடக்கிறதை அங்கே தள்ளுவார்கள். கூட்டம் வர வேண்டுமே என்று ஓடுகிற சரக்கையும் தாராளமாகக் கலந்து அனுப்புவார்கள். எவ்வளவு என்று முடிவு செய்வது தராசு. இந்தத் தடவை யாரும் மச்சான் கணக்கு என்று சொல்ல முடியாது; மூடுகிற கடைக்கு என்ன சலுகை? அவர் உட்கார்ந்து போட்டார் பாருங்கள் ஒரு பட்டியல். பல்பு, பேட்டரி, துடைப்பம், நிறம் நிறமாக வாளி. தெரு தோண்டிய நாளிலிருந்து அண்ணன் போனில் கேட்டது ஒன்றுவிடாமல் அதில் இருந்தது. இல்லையென்று அனுப்பாமல் விட்ட ஒவ்வொன்றும் அவருக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருந்தது. அந்த ஞாபகத்தை எங்கே வைத்திருந்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

வண்டி இரண்டு நடை வந்தது. அலமாரி கொள்ளாமல் படி வரை அடுக்கினார்கள். ஜனங்கள் அலைமோதினார்கள். எதிர்வரிசைக் கடைக்காரர் வாசலுக்கு வந்து இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். ஒரு பழைய வாடிக்கைக்கார அம்மா பல்பு அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, இவ்வளவு சரக்கையும் இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று அண்ணனைச் சண்டைக்கு இழுத்தார். மூடும்போதுதான் தருகிறார்கள் அம்மா என்று அண்ணன் சொல்லி, பல்போடு ஒரு துணிக் கிளிப் கட்டையும் அவர் தலையில் கட்டி அனுப்பினார். அந்தக் கிளை திறந்த நாளிலிருந்து அவ்வளவு விற்றதில்லை.

சரக்கு இறக்க வந்த கோடவுன்காரர் கள்ளம் கபடம் இல்லாதவர். இறக்கி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டே, இந்தக் கடை எப்படி இப்படிப் படுத்தது என்று தனக்கு விளங்கவே இல்லை என்றாராம். தம்பிதான் வாராவாரம் எல்லாக் கடைக்கும் காலி நாள் நிரப்புகிறாரே என்றாராம். அது என்ன என்று அண்ணன் கேட்டிருக்கிறார். அவரும் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார்.

விற்பனை முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டைக் காலி செய்ய உதவிக்குத் தராசு போனார். கீழே கடை துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. மேலே அண்ணி சமையலறை வாசலில் உட்கார்ந்து டம்ளர்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணனும் தம்பியும் இரும்புக் கட்டிலைக் கழற்ற ஆரம்பித்தார்கள். தலைமாட்டு போல்ட் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. தம்பி சட்டத்தைப் பிடித்துக்கொள்ள, அண்ணன் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினார்.

"மத்த கடைக்கெல்லாம் காலி நாள் நிரப்புவியாமே," என்றார் அண்ணன், போல்ட்டைப் பார்த்தபடியே.

"ஆமாண்ணே."

"எல்லாத்துக்கும்?"

"எல்லாத்துக்கும்."

"எனக்கு?"

தராசு சட்டத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "உங்களுக்குப் போட்டா மச்சான் கணக்குன்னு சொல்லுவாங்கண்ணே."

"சொன்னாங்களா?"

"போட்டாத்தானே சொல்லுவாங்க."

"நீ போட்டா யாராவது வந்து பார்ப்பாங்களா?"

தராசு யோசித்தார். கணக்கு விஷயத்தில் அவருக்குப் பொய் வராது. "பார்க்க மாட்டாங்க," என்றார்.

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார். சமையலறை வாசலில் செய்தித்தாள் சரசரப்பது நின்று, திரும்பத் தொடங்கியது.

"அப்ப நான் உனக்கு யாரோ ஒருத்தனா இருந்திருந்தா, இந்தக் கடை இருந்திருக்கும்."

கோபமே இல்லை அந்தக் குரலில். வாடிக்கைக்காரரிடம் பில்லைக் கூட்டிச் சொல்வது மாதிரி சொன்னார். போல்ட் கிரீச்சென்று ஒரு சுற்று சுற்றியது.

"அந்தப் பக்கம் பிடிடா," என்றார் அண்ணன். "கால்ல விழுந்துடப் போகுது."

சாமான் வண்டி கிளம்பும்போது தம்பி பின்னாலேயே வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அங்கே இறக்க ஆள் இருக்கிறது என்றார்கள்.

மறுநாள் திங்கள்கிழமை. கண்ணாடி அறையில் கம்ப்யூட்டர் அந்த வாரத்துக்கான யோசனையைக் காட்டியது. எந்தக் கிளைக்கும் இல்லாத அளவுக்கு ஒரே கிளைக்குச் சரக்கு அனுப்பச் சொல்லியிருந்தது. வாளியும் பல்பும் பேட்டரியும் மூட்டை மூட்டையாக. ஒன்றுக்கு இரண்டு வண்டி வேண்டும். கிளை மூடிய செய்தி அதற்கு இன்னும் போய்ச் சேரவில்லை. போன வாரம் பிய்த்துக்கொண்டு விற்றது என்பது மட்டும் தெரிந்திருந்தது. கோடவுன்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்து, இது எந்தக் கடை இப்படிப் பறக்கிறது என்று கேட்டார். பெயரைப் படித்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அந்த வரியில் இருந்த ஒவ்வோர் எண்ணையும் தராசு கையால் அழித்துப் பூஜ்யம் போட்டார். நிறைய சாமான். போட்டு முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

வருஷக் கடைசியில் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. அதே கண்ணாடி அறைதான், குளிர்சாதனம் வைத்துக் கொடுத்தார்கள்.

அண்ணன் நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு சிமெண்டுக் கிடங்கில் வாசலில் உட்கார்ந்து வருகிற லாரி, போகிற லாரி எழுதுகிற வேலைக்குப் போனார். பேசியே பிழைத்தவருக்கு யாரோடும் பேசத் தேவையில்லாத வேலை. குடியிருப்பு ஓர் அறை. அதற்குள்ளேயே அடுப்பும் கட்டிலும். சிமெண்டுத் தூசியில் இருமல் பிடித்துக்கொண்டது என்று அண்ணன் மகள் மூலமாகத் தராசின் மனைவிக்குத் தகவல் வந்தது. நேராகத் தகவல் எதுவும் வருவதில்லை.

தராசு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். அண்ணிதான் எடுப்பார். சௌக்கியமா, பிள்ளை சௌக்கியமா, மழை உண்டா என்று முறையாகக் கேட்பார். குறை சொல்ல ஒன்றும் இருக்காது.

"அண்ணன் இருக்காரா அண்ணி?"

"இல்லை தம்பி. வெளியே போயிருக்கார்."

போனுக்குப் பின்னால், அந்த ஒற்றை அறையில், யாரோ தொடர்ந்து இருமுவது கேட்கும். இருமி முடித்துத் தண்ணீர் கேட்பது கேட்கும். அண்ணி பேச்சை நிறுத்தி, சொம்பை நகர்த்திக் கொடுத்துவிட்டு வருவதும் கேட்கும்.

"வந்தா நான் பேசினேன்னு சொல்லுங்க அண்ணி."

"வந்தா சொல்றேன் தம்பி," என்பார் அண்ணி.